அத்தியாயம் 6: சந்தைக்குப் போகும் முன் ஒரு சந்தை

மைசூரில் வேளாண் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விலை பிறக்கும் இடங்கள் எல்லாம் பேருந்து ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கின்றன. நஞ்சன்கூடு சாலையில் பண்டிபாள்யா ஏ.பி.எம்.சி. சந்தை. மேற்கே போனால் ஹுன்சூரு, பெரியபட்டணம், சில்குந்தா, கட்டேமளலவாடி என்று புகையிலை வாரியத்தின் ஏல மேடைகள். கிருஷ்ணராஜ நகருக்கு அருகே சுஞ்சனகட்டேயில் ஆண்டுதோறும் மாட்டுச் சந்தை. இத்தனை இருந்தும் பல வகுப்பறைகளில் நடப்பது வேறு. கரும்பலகையில் இரண்டு கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக விழும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிக்குச் 'சமநிலை விலை' என்று பெயர் எழுதப்படும். மாணவர் அதை நோட்டில் வரைந்துகொண்டு தேர்வில் திருப்பி வரைவார்.

பிறகு ஒரு நாள் களப்பயணம் என்று சந்தைக்குக் கூட்டிப்போவார்கள். மாணவர் மூட்டைகளைப் பார்ப்பார், படம் எடுப்பார், திரும்பி வந்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையில் வரத்து எத்தனை மூட்டை, அன்றைய விலை என்ன என்பது இருக்கும். அந்த விலைக்கு விவசாயி ஏன் ஒத்துக்கொண்டார், அடுத்த வண்டிக்காரர் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது இருக்காது. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் போனவர் கண்ணில் அது படாது.

இந்த அத்தியாயம் சொல்லவருவது ஒன்றுதான்: களப்பயணத்துக்கு முன்னால் ஆட்டம் நடக்கட்டும். விற்பவரின் இடத்தில் ஒருமுறை உட்கார்ந்து, கையில் இருக்கும் சரக்கை என்ன விலைக்குத் தள்ளுவது என்று திணறிய மாணவர், ஏல மேடையில் நிற்கும் விவசாயியின் முகத்தைப் பார்த்தவுடன் அங்கே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வார். ஆட்டம் சந்தைக்கு மாற்று ஆகாது. சந்தையைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதே அதன் வேலை.

இதற்கு முன்னோடிகள் உண்டு

ஆட்டம் என்றால் பொழுதுபோக்கு, பாடத்துக்கு அது ஆகாது என்று சொல்லும் துறைத்தலைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அனுமதி கேட்கப் போகும் ஆசிரியர் சில செய்திகளைக் கையில் வைத்திருப்பது நல்லது.

மைசூரு மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) ஆட்டங்களை அறிவுத்துறையாகவே நடத்தியவர். அவர் காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஸ்ரீதத்வநிதி'யின் ஒரு பகுதியான 'கௌதுக நிதி' முழுக்க ஆட்டங்களைப் பற்றியது. கஞ்சிபா சீட்டுகளில் புதிய கட்டுகளை அவரே வகுத்தார். சதுரங்கக் குதிரை 64 கட்டங்களிலும் ஒருமுறை மட்டும் காலூன்றிச் சுற்றிவரும் கணக்குக்குத் தீர்வுகள் கண்டார். ஆட்டத்தைப் படிப்பாக மதித்த ஊர் இது.

பொருளாதாரத்துக்கு வருவோம். நிலவாடகை எப்படிச் சிலரிடம் போய்க் குவிகிறது என்று காட்டவே அமெரிக்காவில் லிசி மேகி என்ற பெண்மணி 1904இல் 'நிலவுடைமையாளர் ஆட்டம்' என்ற பலகை ஆட்டத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகம் முழுக்க விற்கும் மோனோபொலியின் மூலம் அதுதான். ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் தன் மாணவர்களுக்கு விலைச்சீட்டுகளைக் கொடுத்து வகுப்பறையிலேயே வாங்க விற்க விட்டார். அதன் முடிவுகளை 1948இல் வெளியிட்டார். அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த வெர்னன் ஸ்மித், 1956இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் அதே ஆட்டத்தின் விதியை மாற்றி நடத்திப் பார்த்தார். அங்கே தொடங்கிய வேலைக்காக 2002இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்திய உழவரை மையமாக வைத்தும் ஓர் ஆட்டம் உண்டு. கேம்பிரிட்ஜில் புவியியலாளராக இருந்த கிரஹாம் சாப்மன் 1970களில் உருவாக்கிய 'பசுமைப் புரட்சி ஆட்டம்' பீகாரின் நெல் விளையும் கிராமங்களை வைத்து எழுதப்பட்டது.

நம் பக்கத்திலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. பெரியபட்டணம் வட்டத்துப் பைலகுப்பே உள்ளிட்ட இடங்களில் திபெத்திய அகதிகளைக் குடியமர்த்த 1968இல் தொடங்கப்பட்ட மைராடா அமைப்பு, 1989 முதல் கிராமத்தாரையே தரையில் உட்காரவைத்து, கல்லும் விதையும் கோலப்பொடியும் கொண்டு ஊரின் நிலம், கடன், வருமானம் எல்லாவற்றையும் அவர்களே வரைந்து காட்டும் முறையைக் கையாண்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்கள் பொருளாதாரத்தைத் துல்லியமாக அடுக்கிக் காட்டினார்கள். கீழே வரும் ஆட்டங்களில் நாம் பயன்படுத்துவதும் அட்டையும் விதையும்தான். கணினி வேண்டாம். மின்சாரம் போனாலும் வகுப்பு நடக்கும்.

முதல் ஆட்டம்: ஏல மேடை

புகையிலையில் தொடங்குவதற்குக் காரணம், மைசூரு மாவட்டத்தில் இதைவிடத் தெளிவான சந்தை வேறு இல்லை என்பதுதான். 1976இல் அமைந்த புகையிலை வாரியம் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு விளைவிக்கலாம் என்று அளவு வைக்கிறது. உரிமம் பெற்ற ஒவ்வொரு பதப்படுத்தும் கொட்டகைக்கும் இவ்வளவு கிலோ என்று பங்கு உண்டு. கர்நாடகத்தில் 1984இல் ஏலம் தொடங்கும்வரை வியாபாரி தரம் சொல்வார், அவரே விலையும் சொல்வார். பணம் எப்போது வரும் என்பதும் அவர் கையில்தான் இருந்தது. இன்று சிப்பம் மேடைக்கு வருகிறது, வாங்குபவர்கள் போட்டியிட்டு விலை கேட்கிறார்கள், விலை பிடிக்காவிட்டால் விவசாயி விற்க மறுத்துத் திருப்பி எடுத்துப் போகலாம்.

புகையிலை உடலுக்குக் கேடு. இலையைச் சூடேற்ற விறகும் நிறைய எரிகிறது. இதை மாணவரிடம் மறைக்க வேண்டியதில்லை. மானாவாரிச் செம்மண்ணில் விவசாயி ஏன் இந்தப் பயிரை விட மறுக்கிறார் என்ற கேள்விக்கு ஆட்டத்தின் முடிவில் மாணவர்களே வந்து சேருவார்கள். உங்கள் கல்லூரியில் புகையிலை வேண்டாம் என்றால் பட்டுக்கூட்டை வைத்து ஆடுங்கள். ராமநகரத்துக் கூட்டுச் சந்தையிலும் ஏலம்தான். எண்களை மாற்ற வேண்டியதில்லை.

16 அட்டைகள் வெட்டுங்கள். 8 அட்டைகள் விவசாயிகளுக்கு. அவற்றில் 110, 120, 130, 140, 150, 160, 170, 180 என்று ஒவ்வொன்றில் ஓர் எண் இருக்கும். இது அவர் கையில் இருக்கும் ஒரே ஒரு சிப்பத்துக்கு அவருக்கு ஆன செலவு. மற்ற 8 அட்டைகள் வாங்குபவர்களுக்கு: 190, 180, 170, 160, 150, 140, 130, 120. ஒரு சிப்பம் அவர் கம்பெனிக்கு எவ்வளவு பெறும் என்பதுதான் அந்த எண். யாரும் தன் அட்டையை அடுத்தவரிடம் காட்டக் கூடாது. விற்ற விலையில் செலவைக் கழித்தால் விவசாயியின் லாபம். மதிப்பில் கொடுத்த விலையைக் கழித்தால் வாங்கியவரின் லாபம். விற்காதவருக்கும் வாங்காதவருக்கும் பூஜ்யம்.

முதல் சுற்றைத் துண்டு போட்டு ஆடுங்கள். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விரல் பத்து என்று முதலிலேயே பேசிவைத்துக்கொண்டு, ஒரு விவசாயியும் ஒரு வாங்குபவரும் துண்டுக்குள் கையை விட்டு வாய் திறக்காமல் பேரம் பேச வேண்டும். படிந்தால் இருவரும் வந்து ஆசிரியரின் நோட்டில் மட்டும் எழுதிவிட்டு உட்கார வேண்டும். படியாவிட்டால் அடுத்தவரிடம் போகலாம். ஐந்து நிமிடம் போதும். மாணவர்களுக்கு இந்தச் சுற்று மிகவும் பிடிக்கும். வகுப்பில் சத்தம் இருக்காது, பரபரப்பு இருக்கும்.

இரண்டாவது சுற்றில் துண்டை எடுத்துவிடுங்கள். அட்டைகளைக் குலுக்கி மறுபடி கொடுங்கள். இப்போது எல்லாரும் எல்லார் காதிலும் விழக் கூவ வேண்டும். "130க்குக் கேட்கிறேன்", "170க்குத் தருகிறேன்" என்று இரண்டு பக்கமும் கூவலாம். படிந்த ஒவ்வொரு விலையையும் உடனே பலகையில் எழுதுங்கள். உண்மையான புகையிலை மேடையில் வாங்குபவர்தான் விலை கேட்பார், விவசாயி கூவுவதில்லை. ஆனால் கற்பதற்கு இரு பக்கக் கூவலே நல்லது. ஸ்மித் செய்ததும் இதுதான். இதையே மூன்று நான்கு தடவை ஆடவிடுங்கள்.

இப்போது இரண்டு சுற்றின் கணக்கையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கூவல் சுற்றில் விலை மெல்ல மெல்ல 150ஐ ஒட்டி வந்து நிற்கும். 4 அல்லது 5 சிப்பங்கள் கைமாறும். ஐந்தும் 150க்கே கைமாறினால் எல்லாருடைய லாபத்தையும் கூட்டினால் 200 வரும். துண்டுச் சுற்றிலோ விலை 120 முதல் 180 வரை சிதறிக்கிடக்கலாம். கைமாறிய சிப்பங்கள் பெரும்பாலும் ஐந்தைவிட அதிகமாக இருக்கும். ஹார்வர்டு வகுப்பில் சேம்பர்லின் கண்டதும் இதைத்தான்.

இங்கேதான் மாணவர் தடுமாறுவார். துண்டுச் சுற்றில் வியாபாரம் அதிகம் நடந்திருக்கிறது, அப்படியானால் அதுதானே நல்ல சந்தை? அந்தக் கேள்வி வரும்வரை காத்திருங்கள். நீங்களாக எழுப்ப வேண்டாம். வந்ததும், நடக்கக்கூடிய ஒரு கடைக்கோடி நிலையைப் போட்டுக் காட்டுங்கள். 190 மதிப்புள்ளவர் 180 செலவு செய்தவரிடம் வாங்குகிறார், 180 மதிப்புள்ளவர் 170 செலவு செய்தவரிடம், இப்படியே கீழே 120 மதிப்புள்ளவர் 110 செலவு செய்தவரிடம். எட்டுச் சிப்பமும் விற்றுவிட்டது. ஆனால் ஒவ்வொரு வியாபாரத்திலும் மிஞ்சியது பத்துதான். மொத்தம் 80. ஐந்து சிப்பம் விற்று 200 சம்பாதித்த சந்தை எங்கே, எட்டு விற்று 80 சம்பாதித்த சந்தை எங்கே? வரத்தும் விற்பனையும் மட்டும் எழுதிய களப்பயண அறிக்கை ஏன் போதாது என்பது மாணவருக்கு அந்த நிமிடமே விளங்கும். விலை எல்லார் காதிலும் விழுவது என்ன வேலை செய்கிறது என்பதும் விளங்கும்.

மூன்றாவது சுற்று கசப்பானது. கட்டாயம் ஆட வேண்டியதும் அதுதான். வாங்குபவர்களை மூன்று பேராகக் குறையுங்கள். மேலிருந்து ஆறு வாங்குபவர் அட்டைகளை எடுத்து ஆளுக்கு இரண்டு கொடுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் மூவரையும் வெளியே அழைத்து, உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு விவசாயியிடம், 140 அட்டை வைத்திருப்பவரிடம், இன்னொரு சீட்டும் கொடுங்கள்: 'கடன்காரர் மாலை வருகிறார். சிப்பத்தை இன்றே விற்றாக வேண்டும்.' விற்காமல் திருப்பி எடுத்துப் போகிறவருக்கு வண்டிக்கூலி 5 பிடிக்கப்படும் என்றும் அறிவியுங்கள்.

மூவரும் 130க்கு மேல் கேட்பதில்லை என்று பேசிவைத்தால் கணக்கு இப்படிப் போகும். மூன்று சிப்பங்கள் விற்கும். வாங்குபவர்களின் லாபம் 100இலிருந்து 150 ஆக ஏறும். விவசாயிகளின் லாபம் 100இலிருந்து 30க்கு இறங்கும். விவசாயிகள் இழந்தது 70, வாங்குபவர்கள் பெற்றது 50. நடுவே 20 யாருக்கும் போய்ச் சேராமல் அழிந்தது. கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்குவது ஒருவரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுப்பதோடு நிற்பதில்லை, ஊர் வருமானத்தையே சுருக்குகிறது என்பதை இந்த 20 காட்டும். (கடன் சீட்டும் வண்டிக்கூலியும் சேரும் முன் இந்தக் கணக்கு. அவை சேர்ந்தால் விவசாயிகள் பக்கம் இன்னும் மோசமாகும்.) கடன் சீட்டு வாங்கியவரை மறக்காதீர்கள். 140 செலவு செய்த அவர் 130க்கே தள்ளிவிடுவார். அவரை எழுந்து, ஏன் விற்றார் என்று வகுப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

சில வகுப்புகளில் கூட்டணி பாதியில் உடையும். யாராவது ஒருவர், இன்னும் ஒரு சிப்பம் கிடைத்தால் லாபம்தானே என்று 140 கேட்டுவிடுவார். மற்ற இருவரும் கோபிப்பார்கள். அதைத் தடுக்காதீர்கள். அதன் பிறகு கர்நாடகம் 2014இல் ஒருங்கிணைந்த சந்தைத் தளத்தைக் கொண்டுவந்ததையும், 2016இல் மத்திய அரசு இ-நாம் என்ற இணையச் சந்தையைத் தொடங்கியதையும் பேசுங்கள். வெளியூர் வியாபாரியும் இருந்த இடத்திலிருந்து விலை போடலாம் என்ற ஏற்பாட்டின் பொருள், மூன்று பேர் பேசிவைக்க முடியாதபடி நான்காவது ஆளைக் கூட்டிவருவது. அடுத்த சுற்றில் நான்காவது ஆளை உண்மையாகவே சேர்த்துவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள்.

நன்றாகக் கவனிக்கும் மாணவர் ஒருவர் கேட்பார்: அறுவடை முடிந்த பிறகு செலவு என்பது போன பணம்தானே, செலவுக்குக் குறைந்தாலும் விற்பதுதானே சரி? அருமையான கேள்வி. அட்டையில் உள்ள எண்ணை, வேறு நாளில் அல்லது வேறு மேடையில் விற்றால் கிடைக்கக்கூடியது என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று விளக்குங்கள். பதப்படுத்திய புகையிலை சில வாரம் காத்திருக்கும், ஆகவே விவசாயிக்கு மறுக்கும் பலம் உண்டு. காத்திருக்க முடியாத சரக்கு என்றால்? அது அடுத்த ஆட்டம்.

இரண்டாவது ஆட்டம்: தக்காளியா, ராகியா

இதற்குப் பத்து நிமிடம் போதும். பத்து மாணவர்கள் எழுந்து நிற்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி ராகியும் சில சிவப்புக் காகிதத் துண்டுகளும் கொடுங்கள். ஒவ்வொரு பருவமும் அவர்கள் ராகி போடலாம் அல்லது தக்காளி போடலாம். முடிவை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, ஆசிரியர் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் திறக்க வேண்டும். ராகிக்கு எப்போதும் 30. தக்காளிக்கு 90இல், போட்டவர் ஒவ்வொருவருக்கும் 15 வீதம் கழியும். இரண்டு பேர் போட்டால் ஆளுக்கு 60. நான்கு பேர் போட்டால் 30, ராகிக்குச் சமம். ஏழு பேர் போட்டால் ஆளுக்கு 15 நஷ்டம்.

முதல் பருவத்தில் துணிந்து போட்ட இரண்டு பேர் 60 வாங்குவதைப் பார்த்தவுடன் அடுத்த பருவம் ஏழு கைகளில் சிவப்புத் துண்டு இருக்கும். அதற்கடுத்து எல்லாரும் பயந்து ராகிக்குத் திரும்புவார்கள், மீண்டும் விலை ஏறும். 1938இல் மோர்டெகாய் எஸக்கியல் 'சிலந்தி வலைத் தேற்றம்' என்று விரிவாக எழுதியது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதையும், செப்டம்பருக்குள் பல மாநிலங்களில் விவசாயிகள் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டியதையும் மாணவர்களுக்கு நினைவூட்டினால் போதும், விளக்கம் வேண்டாம்.

ஒரு சின்னச் சேர்க்கையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்தாவது பருவத்துக்கு முன் ஆசிரியர் எழுந்து, "நிபுணர்கள் கணிப்பு: வரும் பருவம் தக்காளி விலை உயரும்" என்று அறிவிக்கட்டும். கணிப்பை நம்பி எல்லாரும் போடுவார்கள், கணிப்பு பொய்த்துவிடும். விலைக் கணிப்பு வெளியிடும் நிறுவனத்தில் நாளைக்கு வேலைக்குப் போகப்போகிற மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்டம்: ஐந்து குடும்பம், ஒரே நிலத்தடி நீர்

இந்த ஆட்டத்தின் மூலம் ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கிறது. ஃபவுண்டேஷன் ஃபார் எக்காலஜிகல் செக்யூரிட்டி என்ற அமைப்பும், ரூத் மெய்ன்சன்-டிக் உள்ளிட்ட சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து நிலத்தடி நீரை வைத்துக் கிராமத்தாரோடு ஆடிய ஆட்டங்கள் அவை. 2016இலும் 2018இலும் அந்த ஆய்வுகள் வெளிவந்தன. கீழே உள்ள எண்கள் வகுப்பறைக்கு ஏற்றபடி நாம் வைத்தவை.

ஒரு கண்ணாடிக் குடுவையில் 40 புளியங்கொட்டை போடுங்கள். அதுதான் ஐந்து குடும்பத்துக்கும் பொதுவான நிலத்தடி நீர். ஒவ்வொரு பருவமும் ஒவ்வொரு குடும்பமும் ராகியா கரும்பா என்று ரகசியமாக எழுதிக் கொடுக்கும். ராகி ஒரு கொட்டை நீர் குடிக்கும், வருமானம் 2. கரும்பு மூன்று கொட்டை குடிக்கும், வருமானம் 5. பருவ முடிவில் மழை பெய்து ஐந்து கொட்டைகள் குடுவைக்குத் திரும்பும். கேட்ட அளவு நீர் குடுவையில் இல்லை என்றால் அந்தப் பருவம் யாருக்கும் விளைச்சல் இல்லை. பத்துப் பருவம் ஆட்டம். முதல் ஆட்டத்தில் யாரும் பேசக் கூடாது.

ஐவரும் கரும்பே போட்டால் மூன்று பருவத்தில் ஆளுக்கு 15 கிடைக்கும். நான்காவது பருவத்தில் குடுவையில் 10 கொட்டைதான் மிச்சம், கேட்பதோ 15. விளைச்சல் இல்லை. ஐவரும் ராகியே போட்டால் பத்துப் பருவ முடிவில் ஆளுக்கு 20, குடுவையில் 40 கொட்டை அப்படியே இருக்கும். கணக்குப் பார்த்து, முறை வைத்துக் கரும்பு போட்டால் ஆளுக்கு 30 வரை எடுக்கலாம். ஆனால் அப்போது குடுவை கிட்டத்தட்டக் காலியாகிவிடும். பதினோராவது பருவம் யாருடையது என்று கேளுங்கள். அதற்கு ஒரே விடை இல்லை, வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். பிரியட்டும்.

இரண்டாவது தடவை ஆடும்போது ஒவ்வொரு பருவத்துக்கும் முன் இரண்டு நிமிடம் பேச அனுமதியுங்கள். பெரும்பாலும் யாராவது முறை வைப்பதைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். யாராவது ஒருவர் ஒத்துக்கொண்டு ரகசியமாக மீறுவார். குடுவையில் கொட்டை குறைந்திருப்பதைப் பார்த்ததும் யார் என்று தேடுவார்கள். எழுதிவைக்க வேண்டும், மீறினால் என்ன தண்டனை என்று முடிவு செய்ய வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பும். ஆந்திரக் கிராமங்களில் ஆட்டமும் அதற்குப் பின் ஊர்க்கூட்டமும் நடந்த இடங்களில், நீருக்குப் பதிவேடும் விதிகளும் வைத்துக்கொண்ட ஊர்கள் ஆட்டம் நடக்காத இடங்களைவிடக் கூடுதலாக இருந்தன என்று ஆய்வு கண்டது. ஆட்டம் முடிந்ததும் கலைந்து போயிருந்தால் அந்தப் பலன் வந்திருக்குமா என்பது ஐயமே. ஊர்க்கூட்டம்தான் முக்கியம்.

ஆட்டத்துக்குப் பிறகு

வகுப்பறையில் ஊர்க்கூட்டத்தின் இடத்தை ஆட்டம் முடிந்த பின் நடக்கும் கலந்துரையாடல் பிடிக்கிறது. ஆடிய நேரத்துக்குக் குறையாமல் பேசவும் நேரம் ஒதுக்குங்கள். 50 நிமிட வகுப்பில் இரண்டும் அடங்காது. செய்முறைக்கு என்று விடும் இரட்டை வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் போதாவிட்டால் ஆட்டத்தின் ஒரு சுற்றைக் குறையுங்கள், பேச்சைக் குறைக்காதீர்கள்.

பேச்சில் முதல் கேள்வி 'என்ன செய்தாய்?' என்பதாக இருக்கட்டும். 'ஏன்?' என்பது பிறகு. ஏன் என்று எடுத்தவுடன் கேட்டால் மாணவர் பாடப்புத்தகத்து விடையைச் சொல்லித் தப்பிப்பார். என்ன செய்தாய் என்று கேட்டால், "எல்லாரும் விற்றுவிட்டார்கள், நான் மட்டும் மிச்சம், பயந்துபோய் 10 குறைத்துக் கொடுத்துவிட்டேன்" என்பார். அந்தப் பயம்தான் பாடம். கோட்டுப் படத்தை அதற்குப் பிறகு பலகையில் போடுங்கள். எட்டு விவசாயி அட்டைகளைச் சின்னதிலிருந்து பெரிதாகவும், எட்டு வாங்குபவர் அட்டைகளைப் பெரிதிலிருந்து சின்னதாகவும் மாணவர்களையே அடுக்கச் சொன்னால், அளிப்புக் கோடும் தேவைக் கோடும் அவர்கள் கண்ணெதிரே படிக்கட்டாக எழும். அந்தப் படத்தில் 130 என்ற படியில் நின்றவர் யார் என்று வகுப்புக்கே தெரியும்.

ஆட்டத்தில் அதிகம் சம்பாதித்தவருக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள். 110 அட்டை கிடைத்தது அதிர்ஷ்டம், திறமை இல்லை. நல்ல நிலமும் வாய்க்கால் தண்ணீரும் பிறப்பால் கிடைத்தவரைத் திறமைசாலி என்றும், கிடைக்காதவரைச் சோம்பேறி என்றும் நினைக்கும் பழக்கத்தை இந்தப் பாடத்திலாவது உடைக்க வேண்டும். மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கக் குறிப்பு கேளுங்கள்: தன் அட்டை என்ன, எடுத்த முடிவுகள் என்ன, வேறு முடிவு எடுத்திருந்தால் கணக்கு எப்படி மாறியிருக்கும்.

அறுபது பேர் உள்ள வகுப்பில் பதினாறு பேர் ஆட, மற்றவர் பார்வையாளராக இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு பார்வையாளரும் ஒரே ஓர் ஆட்டக்காரரைப் பின்தொடர்ந்து அவர் கேட்ட விலை, மறுத்த விலை எல்லாவற்றையும் எழுத வேண்டும். மைசூரு வகுப்புகளில் கன்னடம், தமிழ், தெலுங்கு பேசும் பிள்ளைகள் கலந்திருப்பார்கள். அட்டைகளை எண்களிலேயே வைத்துக்கொண்டு, கடன் சீட்டு போன்றவற்றை மட்டும் இரண்டு மொழியில் எழுதுங்கள். கூவுவது எந்த மொழியில் வேண்டுமானாலும் இருக்கட்டும். சந்தையிலும் அப்படித்தான்.

இதே ஆட்டங்களை விவசாயிகளோடும் மகளிர் குழுக்களோடும் ஆடலாம். அப்போது முறை மாறும். உண்மைப் பணத்தை ஒருபோதும் வைக்காதீர்கள். கடன் சீட்டைக் கொடுக்காதீர்கள். அந்தக் கடன் உண்மையாகவே வீட்டில் இருக்கிறவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். எண்களை அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். ஒரு சிப்பத்துக்கு விறகு எவ்வளவு, கூலி எவ்வளவு, போர்வெல் போட எத்தனை அடி என்று அவர்கள் திருத்துவார்கள். அந்தத் திருத்தங்களைத் தேதியோடு எழுதி எடுத்து வாருங்கள். அடுத்த ஆண்டு மாணவருக்குக் கொடுக்கும் அட்டை அந்த எண்களில் இருக்க வேண்டும். கற்பனை ஊரின் எண்களை விட அவை நூறு மடங்கு மேல்.

கர்நாடகத்தில் புகையிலை ஏலம் வழக்கமாகச் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் முதல் ஆட்டத்தை முடித்துவிட்டு, மேடையின் ஏலக் கண்காணிப்பாளரிடம் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். போனதும் மாணவரை இரண்டாகப் பிரியுங்கள். பாதிப் பேர் வாங்குபவர்கள் பக்கம், பாதிப் பேர் சிப்பம் கொண்டுவந்த விவசாயிகள் பக்கம். ஒரு சிப்பத்துக்கு எத்தனை பேர் விலை கேட்டார்கள், யார் மறுத்தார்கள், மறுத்தவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். விவசாயியிடம் பேசுவதாக இருந்தால் அவர் சரக்கு விற்று முடியும்வரை காத்திருந்து, அவருக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.